வாய் திறக்கட்டும் வகுப்பறை!

தூத்துக்குடிக் கடற்கரையிலே, வலை உலர்த்தும் வீட்டிலே பிறந்த பிள்ளையை அழைத்துக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் அறியாதவன் என்றா எண்ணுகிறீர்கள்? கிரேன் என்பான், கண்டெய்னர் என்பான், டீசல் என்பான், ஐஸ் பிளாண்ட் என்பான், லைட்ஹவுஸ் என்பான். என்ஜின் பழுதுபட்டால் அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அழைப்பான். தந்தையின் படகிலுள்ள ஜி.பி.எஸ். கருவியைத் தொட்டுக் காட்டி, இதுதான் நமக்கு வழிகாட்டி என்பான். பெயர்ச்சொற்கள் ஐம்பது அவன் நாவிலே நடமாடுகின்றன. ஆனால் 'என் தந்தை கடலுக்குப் போயிருக்கிறார். மாலையில் திரும்புவார்' என்று அந்த மொழியிலே இரண்டு வரி சொல்லச் சொல்லுங்கள். தலை குனிகிறது, கால் கட்டைவிரல் தரையைக் கீறுகிறது! ஐந்தாண்டு, ஆறாண்டு, அந்த மொழியைப் பாடமாகப் படித்த பிறகும் இந்த நிலை. முத்து குவிந்து கிடக்கிறது, கோப்பதற்கு நூல் இல்லை!

ஏன் என்று கேட்கத்தான் வேண்டும். ஆசிரியர்களின் மாநாட்டிலே மட்டும் கேட்டுவிட்டு அமைதியடையக்கூடிய கேள்வியன்று இது. அரசியல் மேடையிலே, நம்முடைய மேடையிலேயே, கேட்கப்பட வேண்டிய கேள்வி.

1968-ஆம் ஆண்டு, சனவரித் திங்கள் 23-ஆம் நாள், அண்ணா முதலமைச்சராக அமர்ந்திருந்த தமிழகச் சட்டமன்றம், இந்நாட்டுப் பள்ளிகளிலே தமிழும் ஆங்கிலமும் போதும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் தாளிலே எழுதப்படுவதற்கு முன்பு, 1938-இல் சிறைக் கொட்டடியிலே எழுதப்பட்டது. 1965-இல் மாணவர் சிந்திய செங்குருதியிலே எழுதப்பட்டது. 2025-ஆம் ஆண்டிலேகூட, புதிய தேசியக் கல்விக் கொள்கைக்குத் தலையாட்டும் ஒப்பந்தத்திலே கையொப்பமிட மறுத்த குற்றத்திற்காக, ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்திலே நமக்கு வரவேண்டிய ஏறத்தாழ 2,152 கோடி ரூபாயைத் தில்லி தடுத்து நிறுத்தியதும், தமிழகம் உச்ச நீதிமன்றத்தின் படியேறியதும் நாடறிந்த செய்தி. மூன்றாவது மொழி எதற்கு என்று கேட்டோம், இன்றும் கேட்கிறோம். வீட்டுக்குத் தமிழ் இருக்கிறது, உலகத்தோடு உரையாட ஆங்கிலம் இருக்கிறது என்று வாதிட்டோம்.

இருக்கிறது! யாரிடம் இருக்கிறது, தோழர்களே? மாநகரத்து மாடிவீட்டுப் பிள்ளையிடம் இருக்கிறது. கட்டணம் கட்ட முடிந்தவன் வீட்டிலே இருக்கிறது. தருவைகுளத்திலே, புன்னைக்காயலிலே, மணப்பாட்டிலே, முத்தையாபுரத்து உப்பளங்களிலே வெள்ளை வெயிலிலே நிற்கும் தாயின் குடிசையிலே இருக்கிறதா? அங்கே இல்லையென்றால், நமது வாதத்தின் ஒரு கால் ஊனமாகிவிடுகிறது. இருமொழிக் கொள்கையின் எதிரிகள் இதைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்பு, அதன் காவலர்களாகிய நாமே சொல்லிவிடுவது நலம்.

மீனவன் மகனுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கேட்கும் அறிவாளிகளும் உண்டு. அவர்களுடைய முன்னோரை நாம் அறிவோம். 1953-இலே, பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் தகப்பன் தொழில் என்று ஆச்சாரியார் ஒரு திட்டம் தீட்டினார். குலக்கல்வி என்று பெயர் சூட்டி அதைக் குழிதோண்டிப் புதைத்தது இந்த இயக்கம். 1954-இலே அது போயிற்று. சட்டத்திலிருந்து போயிற்று, சரி. கடற்கரைப் பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தும் ஆங்கிலத்திலே ஒரு விண்ணப்பம் எழுத, ஒரு வினாவுக்கு விடை கூற இயலாமல் மீண்டும் வலைப்பக்கமே திரும்புகிறான் என்றால், ஆணை பிறப்பிக்காமலே அத்திட்டம் அவன்மீது நடந்தேறிவிட்டதாகத்தானே பொருள்! அவன் விரும்பிக் கடலுக்குப் போனால் வாழ்த்துவோம். வேறு கதவு திறக்காததால் போனால்?

கடல் தொழிலுக்கேகூட அந்த மொழி வேண்டியிருக்கிறது என்பதைப் பாருங்கள். 1990-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 'ஸ்கேண்டினேவியன் ஸ்டார்' என்னும் பயணிகள் கப்பல் நடுக்கடலிலே தீப்பற்றி, 159 பேர் மாண்டனர். கப்பற் பணியாளருக்கும் பயணிகளுக்கும், பணியாளருக்குள்ளேயுமே, ஒருவர் சொல்வது ஒருவருக்கு விளங்காத கொடுமை அங்கே நிகழ்ந்தது. பின்னர் 2001-இலே, உலகக் கடல்சார் அமைப்பு, கப்பல்களிலே பேசவேண்டிய ஆங்கிலத் தொடர்களை வரிசைப்படுத்தி, தரப்படுத்தப்பட்ட தொடர்கள் என்று ஏற்றது. சிற்றாங்கிலம் அது! அணியில்லை, அடுக்குமொழியில்லை. தீ எங்கே, எத்தனை பேர், காயமுற்றார் உளரோ, எந்தத் திசை, என்ன உதவி என்று கேட்கவும் சொல்லவும் போதுமான எளிய வாக்கியங்கள். உலகக் கப்பல்கள் அவற்றைக் கொண்டு உயிர் காக்கின்றன. 2023 அக்டோபரில் தருவைகுளத்து மீனவர் 12 பேரை மாலைத்தீவுக் கடலோரக் காவலர் பிடித்துச் சென்றபோது, தம் நிலையை எடுத்துரைக்க அவர்களுக்கு எந்த மொழி துணை நின்றிருக்கும்? தமிழ் நம் உயிர்; ஆனால் மாலைத்தீவுக் காவலன் தமிழ் கற்று வரும்வரை காத்திருக்க இயலாதே!

சரி, பள்ளிக்குச் செல்வோம்.

கடலோரச் சிற்றூரின் தொடக்கப் பள்ளி. ஈராசிரியர் பள்ளி, வகுப்புகளோ ஐந்து. ஓர் ஆசிரியை மூன்று வகுப்பை ஓரறையிலே வைத்துக்கொண்டு, ஒன்றுக்குக் கணக்கு, ஒன்றுக்குத் தமிழ், ஒன்றுக்கு 'எழுதிக்கொண்டிரு' என்னும் கட்டளை என்று பங்கிட்டுக் கொடுக்கிறார். ஆங்கிலப் பாடம் பெரும்பாலும் அந்த மூன்றாவது பங்கிலேதான் விழுகிறது. பலகையில் இருப்பதைப் பார்த்து எழுது! பார்த்து எழுதுகிறான், முத்துப்போல் எழுதுகிறான், எழுதியது என்னவென்று கேட்டால் விழிக்கிறான். 2018 முதல் வந்த புதிய பாடநூல்களிலே, கைபேசியைக் காட்டினால் ஒலி கேட்கும், படம் ஓடும் என்று கட்டங்கட்டமான குறியீடு அச்சிட்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, குறை கூறவில்லை. ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைபேசி அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறதே!

கருவி இல்லை, கட்டடம் இல்லை, ஆகவே ஆங்கிலம் வரவில்லை என்று சொல்லி முடித்துவிடலாமா? முடிக்க விடாது, இதே கரையின் வரலாறு.

1542-ஆம் ஆண்டு இம்முத்துக்குளித்துறைக்கு வந்தார் பிரான்சிசு சவேரியார். தமிழ் அறியார். போர்ச்சுகீசியமும் தமிழும் அறிந்த சிலரைச் சேர்த்துவைத்துக்கொண்டு, செபங்களைப் பெரும்பாடுபட்டுத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியை அடித்துக்கொண்டு ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் கடிதமே இதைக் கூறுகிறது. அன்பிலே குறையில்லை, உழைப்பிலே குறையில்லை. ஆனால் மனப்பாடம் செய்த செபத்தைச் சொல்ல முடிந்ததேயன்றி, எதிரே நின்ற பரதவனோடு தடையின்றி உரையாட அவருக்குத் தமிழ் கைவரவில்லை.

சில ஆண்டு கழித்து, அதே கரைக்கு இன்னொருவர் வந்தார். என்றீக்கே என்றீக்கசு, அண்டிரிக் அடிகளார் என்று தமிழுலகம் அழைக்கும் போர்ச்சுகீசியர். 1546-இலே இந்தியா வந்தவர். அவர் வந்தபோது, அயல்நாட்டான் தமிழ் கற்பதற்கென்று எழுதப்பட்ட இலக்கண நூல் அவர் கையிலே இல்லை, அகராதி இல்லை, அச்சிட்ட தமிழ்ப் புத்தகம் உலகத்திலேயே இல்லை! பள்ளியறை, கடற்கரை, ஆசிரியர்கள், ஊர் மக்கள். அவர் என்ன செய்தார்? மக்களோடு பேசினார், பேசக் கேட்டதைக் குறித்தார், தமக்கு முன்பே தெரிந்த இலத்தீன் இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இது எழுவாய், இது வேற்றுமை, இவ்வாறு வினை திரிகிறது என்று தாமே விதி வகுத்தார். 1549-ஆம் ஆண்டு வாக்கில் அவர் கைப்பட உருவான தமிழ் இலக்கணம் இன்றும் இலிசுபனிலே இருக்கிறது. 1578-இலே கொல்லத்தில், தமிழ் எழுத்திலே 'தம்பிரான் வணக்கம்' அச்சேறிற்று. 1586-இலே 'அடியார் வரலாறு'. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்நாட்டிலே வாழ்ந்து, 1600-இலே மறைந்த அவருடைய உடல் தூத்துக்குடியிலே அடக்கம் செய்யப்பட்டது.

இரண்டு பெருமக்கள், ஒரே கரை, ஒரே வறுமை. ஒருவர் மனப்பாடத்தால் செபம் பெற்றார். மற்றவர் உரையாடலால் மொழியையே பெற்றார். நம் பள்ளிகள் இன்று முதலாமவர் வழியிலே நடக்கின்றன, மணியோசை உட்பட! அன்றியும் ஒன்று காண்க. அண்டிரிக் அடிகளார் தமக்குத் தெரிந்த மொழியை மூட்டைகட்டி வைத்துவிட்டுப் புதிய மொழி கற்கவில்லை. தெரிந்ததை ஏணியாக்கித் தெரியாததின் மேல் ஏறினார். ஆங்கில வகுப்பிலே தமிழ் பேசினால் தண்டனை என்று பலகை தொங்கவிடும் பள்ளிகளின் முதலாளிகள், இந்த ஏணியைத்தான் எட்டி உதைக்கிறார்கள்.

நாடகக்காரனுக்கு இது எளிதிலே விளங்கும். தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே 1867-இல் பிறந்தார் சங்கரதாசு சுவாமிகள். 1918-இலே மதுரையில் அவர் அமைத்த பாலர் சபையிலே சேர்ந்த சிறுவர்கள், இன்றைய கணக்குப்படி தொடக்கப் பள்ளிப் பருவத்தினர். அந்தச் சிறுவர்கள் மன்னராகவும் மந்திரியாகவும் மேடையேறி, இலக்கியத் தமிழிலே மணிக்கணக்காக வாதிட்டனர்! எப்படிக் கற்றனர்? காதாலே கேட்டு, வாயாலே சொல்லி, ஒத்திகையிலே திருத்தப்பட்டு. அதுவும் மனப்பாடந்தானே என்பீர்கள். வேறுபாடு உண்டு. பாடம் ஒப்பிப்பவனுக்கு எதிரே ஆள் இல்லை. வசனம் பேசுபவனுக்கு எதிரே ஆள் உண்டு. அவன் சொல்லை வாங்கித்தான் இவன் சொல்லைத் தரவேண்டும். ஒரு வரி தவறினால் எதிராளி தவிப்பான். ஒத்திகைக் கொட்டகையிலே இன்றும் காண்கிறேன்: தாளைப் படிக்கத் தடுமாறும் இளைஞன், மூன்றாம் நாள் ஒரு காட்சி முழுவதையும் பேசிவிடுகிறான். அவனுக்குக் கிடைத்த கருவி என்ன? எதிரே ஒரு மனிதன்!

புத்தகம் படித்த பெரியவர்களின் சான்று வேண்டுமாயின், அதுவும் உண்டு. வங்கத்தின் டாக்கா நகரிலே கல்விப் பணி புரிந்த மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர், இடர்ப்பட்ட சூழலிலே ஆங்கிலம் கற்பிப்பது எப்படி என்றே 1960-இல் ஒரு நூல் எழுதினார். நாற்பது ஐம்பது பிள்ளைகள் நெருக்கியடித்து அமர்ந்த பெஞ்சு, புழுக்கம், தாமே ஆங்கிலம் சரளமாகப் பேசமாட்டாத ஆசிரியர்: இதுவே உலகின் பெரும்பாலான வகுப்பறை, இதற்கேற்ற முறையை வகுப்போம் என்று கிளம்பியவர் அவர். இலண்டனிலே பன்னிருவர் அமர்ந்த வகுப்புக்கு எழுதப்பட்டதை இங்கே இறக்குமதி செய்து, 'பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறவில்லை' என்று பழி போடும் வழக்கத்துக்கு அது நல்ல மறுப்பு.

அதே காலத்திலே, 1950-களின் இறுதியிலே, நம் சென்னை மாநிலத்திலேயே பெரியதொரு முயற்சி நடந்தது. தொடக்க நிலையிலே ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி தருவது என்று, சிலரைப் பழக்கி, அவர் பலரைப் பழக்கி, அப்பலர் மேலும் பலரைப் பழக்குவதாகத் திட்டம். 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்கள்! சென்னை வெயிலிலே பனிப்பந்து என்று எவருக்குத் தோன்றிற்றோ, நகைச்சுவை உணர்வு மிக்கவராகத்தான் இருக்கவேண்டும். உருள உருளப் பருக்கும் என்பது அவர்கள் எண்ணம். நான் அறிந்தவரை, கைமாறிக் கைமாறிச் செல்லும் பயிற்சி எதுவும் பருப்பதில்லை; முதல் பந்தியிலே பாகாக இருந்தது கடைசிப் பந்தியிலே இனிப்புத் தண்ணீராகிவிடுகிறது. இன்றைய இணையவழிப் பயிற்சிகளுக்கும் இதே விதிதான். புன்னைக்காயல் ஆசிரியைக்கு வேண்டியது சான்றிதழ் அன்று. அவரோடு அந்த வகுப்பிலேயே ஒரு வாரம் நின்று, பேசிக்காட்டி, பேசவைக்கும் ஒரு துணை.

இவற்றினும் எனக்குப் பிடித்த முயற்சி வேறொன்று. 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை முதலிய ஊர்களிலே, சாதாரணப் பள்ளிகளிலே, என்.எஸ். பிரபு என்னும் அறிஞர் நடத்திய சோதனை. என்ன கருவி தெரியுமா? கரும்பலகை, சுண்ணக்கட்டி, தாள், பென்சில். அவ்வளவே! இலக்கண விதியை ஒப்பிக்கச் சொல்லவில்லை. இரயில் கால அட்டவணையைப் பலகையில் எழுதி, எந்த வண்டியிலே போனால் முன்னதாகச் சேரலாம் என்று கேட்டார்கள். ஊர் வரைபடத்தைப் போட்டு, இங்கிருந்து அங்கே எப்படிப் போவாய் என்று கேட்டார்கள். ஆங்கிலத்திலேதான் கேள்வி, விடை கண்டுபிடிக்க வேண்டுமென்ற துடிப்பிலே பிள்ளை ஆங்கிலத்தை விளங்கிக்கொண்டான். இலக்கணம் பின்னாலே தானே வந்து சேரும் என்பது அவர் துணிபு. அது எவ்வளவு வந்தது என்று ஆய்வாளர்கள் வாதிட்டனர், வாதிடட்டும். பிள்ளை வாய் திறந்தான் என்பதே எனக்குப் போதும்.

அதைக் கடற்கரைக்குக் கொண்டுவாருங்கள். பலகையிலே மூன்று படகின் பெயர்: மரியா, முத்து, சிதம்பரம். புறப்பட்ட நேரம், திரும்பிய நேரம், கிடைத்த மீன் எத்தனை கிலோ, கிலோ என்ன விலை. ஆசிரியை கேட்கட்டும்: விச் போட் கேம் ஃபர்ஸ்ட்? பையன் 'மரியா' என்பான். ஒரு சொல்தான்! ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு, ஓர் ஆங்கில வாக்கியத்தைத் தன் மூளையிலே திறந்து பார்த்திருக்கிறான். எஸ், மரியா கேம் ஃபர்ஸ்ட் என்று ஆசிரியை முழுமையாக்கட்டும். அடுத்து, எவர் கடலிலே நெடுநேரம் இருந்தார்? எவருக்கு வரவு மிகுதி? இங்கே மாணவனே வல்லுநன். படகையும் காற்றையும் விலையையும் ஆசிரியையைவிட அவன் நன்கறிவான். மொழி ஒன்றுதான் புதிது, செய்தி அவனுடையது. ஆப்பிளையும் பனிமழையையும் வைத்துத் தொடங்கும் பாடத்திலே, மொழியும் புதிது, செய்தியும் புதிது, இரட்டைச் சுமை!

1906-இலே, பிரிட்டிஷ் கப்பல் முதலாளிகளை எதிர்த்துச் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட சிதம்பரனார், அந்த முதலாளிகளின் மொழியையும் கற்று ஆண்ட வழக்கறிஞர். சிறையிலே செக்கிழுத்த கைகளாலேயே ஜேம்ஸ் ஆலனின் ஆங்கில நூலைத் தமிழாக்கிய தமிழறிஞர். அவர் பெயரை 2011-இலே தூத்துக்குடித் துறைமுகத்திற்குச் சூட்டினர். அந்தத் துறைமுகத்தின் மதிலுக்கு வெளியே பிறந்த பிள்ளை, மதிலுக்கு உள்ளே மூட்டை சுமக்க மட்டுமா போகவேண்டும்? ஏற்றுமதி முகவரின் அலுவலகத்திலே, கப்பல் தளத்திலே, சுங்கத் துறையிலே அவனுக்கு நாற்காலி இல்லையா?

ஆங்கில வழி வகுப்புத் திறந்துவிட்டால் தீர்ந்தது என்பார் உளர். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலேயும் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோரின் ஆசையைப் பழிக்கமாட்டேன்; அந்த ஆசையிலே நியாயம் இருக்கிறது. ஆனால் பேச்சு இல்லாத ஆங்கில வழி, கணக்கையும் அறிவியலையும் சேர்த்து இருட்டிலே தள்ளிவிடும். கல்லூரியை இடையிலேயே விட்டு வந்தவன் நான். அந்த இருட்டைக் கண்டிருக்கிறேன். வகுப்பிலே ஐயம் எழும், அதைக் கேட்க ஆங்கிலத்திலே வாக்கியம் எழாது, ஐயம் அடங்கிப்போகும், நாளடைவிலே ஆளும் அடங்கிப்போவான். முதலாண்டு முடியுமுன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பிய கடற்கரைத் தோழர்களை எண்ணிச் சொல்ல என் விரல்கள் போதா.

கரும்பலகை போதும் என்று நான் கூறுவதாக எவரும் திரித்துவிட வேண்டாம். நிதியமைச்சகத்துக் கணக்கர்கள் அந்த வார்த்தைக்காகவே காத்திருப்பார்கள்! தில்லி தடுத்த பணம் நம் பணம், வட்டியோடு வரவேண்டும். ஈராசிரியர் பள்ளிக்கு மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்பது என் முதல் கோரிக்கை. அவர் மொழி கற்பிப்பவராக, அந்தக் கரையிலேயே தங்குபவராக இருக்கவேண்டும். தேர்விலே, எழுதிய தாளுக்கு மட்டும் மதிப்பெண் என்னும் வழக்கம் மாறி, ஐந்து நிமிடம் பேசியதற்கும் மதிப்பெண் வேண்டும். தேர்வு கேட்காததைப் பள்ளி கற்பிக்காது. இது பள்ளிகளின் பழைய குணம். 2022-இலே தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம் ஒன்று முதல் மூன்று வகுப்புக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றையும் ஆடலாலும் பாடலாலும் கற்பிக்க முனைந்தது; அந்தத் திசை சரியானது. மேல் வகுப்புகளுக்கு ஏறியவுடன் பிள்ளையின் வாய்க்கு மீண்டும் பூட்டுப் போடுவானேன்?

அரசு செய்வதை அரசு செய்யட்டும். கழகம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. நம் படிப்பகங்கள் ஒரு காலத்திலே எழுத்தறியாத தொழிலாளிக்கு ஏடு படித்துக் காட்டி உலகத்தைக் கொண்டுவந்தன. இன்று பலவற்றிலே ஒரு மேசை, இரண்டு நாற்காலி, தலைவர்களின் படம், பூட்டு! கடற்கரை ஊர்களிலே, கப்பலிலே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். கொழும்புக்கும் மாலைத்தீவுக்கும் தோணி ஓட்டிய தண்டல்கள் இருக்கிறார்கள். துறைமுகத்திலே சரக்கெண்ணிய எழுத்தர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆங்கிலம் இலக்கண ஆசிரியரை மயக்கம் போடவைக்கும்; ஆனால் அந்த ஆங்கிலத்தாலே அவர்கள் பல நாட்டாரோடு பேரம் பேசிப் பிழைத்தார்கள். மாலை ஆறு முதல் ஏழு வரை, அவர்கள் எதிரே பிள்ளைகளை உட்காரவையுங்கள். பிழையோடு பேசட்டும், பள்ளியிலே திருத்திக்கொள்ளலாம்.

தூத்துக்குடி மாவட்டத்துக் கடலோரக் கிளைகள், தங்கள் படிப்பகம் மாலையிலே எத்தனை மணிக்குத் திறக்கிறது, சாவி எவரிடம் இருக்கிறது, பேசவைக்க ஒப்புக்கொண்ட பெரியவர் எவர் என்று எழுதி அனுப்பட்டும். பலகை வாங்க வழியில்லாத கிளை இருந்தால் அதையும் எழுதட்டும். அடுத்த நாடகத்தின் முதல் நாள் வசூல் அதற்கு.